லேத் பட்டறைக்கு வேண்டாம்: பழைய கைத்துப்பாக்கி பழுதானால்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பா, வங்கியிலிருந்து கூலிப் பணம் எடுத்து வரும் நாட்களில் இடுப்பில் ஒரு ரிவால்வரும் வைத்திருப்பார். உரிமம் பெற்றது, முறைப்படி புதுப்பிக்கப்பட்டு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "குதிரை விழுது, தோட்டா வெடிக்க மாட்டேங்குது. உள்ள இருக்கிற பின் தேஞ்சு போச்சு போல. நம்ம பட்டறைப் பையன் நல்ல கைக்காரன், லேத்துல புதுசா ஒண்ணு கடைஞ்சு தரேங்கறான். குடுத்துப் பார்க்கட்டுமா?"

"வேண்டவே வேண்டாம் பெரியப்பா. இன்னிக்கே அதைப் பூட்டி வைங்க" என்றேன். சுடுபவரின் கையைப் பற்றிய பயம் ஒருபுறம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் அந்தப் பட்டறைப் பையனைப் பற்றியது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐந்தாவது பிரிவில், உரிமம் இல்லாமல் செய்யக்கூடாதவை என்று துப்பாக்கி தயாரிப்பு, விற்பனை, கைமாற்றம் ஆகியவற்றைச் சொல்கிறது. அதே வரிசையில் பழுதுபார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதும் இருக்கின்றன. ஆயுதத்தின் பாகமும் ஆயுதமே என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரு சின்ன ஊசியைக் கடைந்து பொருத்துவதைக் கொல்லன் வேலை என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தப் பிரிவை மீறினால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் முழுவதும் சிறை. 2019 திருத்தத்துக்கு முன் இது மூன்று முதல் ஏழு ஆண்டுவரை இருந்தது. இருநூறு ரூபாய் கூலிக்கு, தெரிந்தவர் கேட்டாரே என்று உதவ வரும் இளைஞனை நாம் இந்தத் தண்டனையின் முன்னால் நிறுத்துகிறோம். துப்பாக்கிக்காரரும் தப்ப மாட்டார். வழக்கு ஒருபக்கம் நடக்க, அவருடைய உரிமத்தை ரத்து செய்யவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. படித்தவர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர்கூட இதை அறியாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நம் நாட்டில் தனியாரிடம் இருக்கும் கைத்துப்பாக்கிகளில் பழையவை ஏராளம். 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதிக் கதவு மூடப்பட்டது. அதற்கு முன் வந்த வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வர்களும் வால்தர் பிஸ்டல்களும் அன்றிலிருந்து கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. மற்றபடி கிடைப்பவை பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளில் செய்த பாயின்ட் 32 ரகங்கள்தான். கான்பூரில் செய்யப்படும் ரிவால்வர் வெப்லியின் வடிவத்திலிருந்து வந்தது. பூட்டைத் தள்ளினால் நடுவில் மடிந்து திறக்கும். அரிதாகக் கிடைப்பதால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு விலை ஏறுகிறது. அந்த விலையைத் தரத்துக்கான சான்று என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். எழுபது வயதான சுருள்வில், எழுபது வயதானதுதான்.

குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால், உடனே திறந்து பார்ப்பதுதான் மனித இயல்பு. அந்த இயல்பை அடக்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். துப்பாக்கி வாயை ஆளில்லாத, பாதுகாப்பான திசையில் வைத்தபடி முப்பது விநாடியாவது அசையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தோட்டாவை எடுக்கலாம். இதைவிட மோசமானது மெலிந்த சத்தம். வழக்கமான வெடியோசைக்குப் பதில் 'டப்' என்று ஒரு சின்ன ஓசை வந்து, கையில் உதையும் குறைவாக இருந்தால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அந்த நிலையில் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். விரல் போகும், கண் போகும். சத்தம் மாறினால் அன்றைய சுடுதல் அத்தோடு முடிந்தது. குழல் அடைத்திருக்கிறதா என்று துப்பாக்கி தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை விசையைத் தொடக்கூடாது.

ரிவால்வரில் தேய்வு வேறு விதங்களில் தெரியும். உருளை ஒவ்வொரு முறை சுழன்று நிற்கும்போதும் அதன் அறை குழலோடு நேர்கோட்டில் நிற்க வேண்டும். உருளையைச் சுழற்றும் பல்லும் அதைப் பிடித்து நிறுத்தும் தடுப்பும் தேய்ந்தால் அந்த நேர்கோடு பிசகும். அப்போது குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயத் துகளைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். சுடும்போது அருகில் நின்றவர் கன்னத்தில் சுருக்கென்று ஏதோ பட்டதாகச் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். மடக்கு ரிவால்வரில் கீலும் மேல்பூட்டும் தளர்ந்தால் குழலுக்கும் உருளைக்கும் நடுவில் இடைவெளி கூடி, சூடான வாயு அதன் வழியே பீறிடும். பிஸ்டலில் சிக்கல்கள் இன்னும் சாதாரணமானவை. ஆண்டுக்கணக்கில் நிரப்பியே வைத்த மேகசின், வளைந்த அதன் உதடு, சோர்ந்துபோன சுருள்வில், பிசினாக இறுகிய பழைய எண்ணெய் என்று பல காரணங்கள் இருக்கும். பல நேரம் சுத்தம் செய்து ஒரு வில்லை மாற்றினாலே சரியாகிவிடும். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியது நாம் அல்ல.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கடையில் "பாயின்ட் 32 தோட்டா கொடுங்க" என்று கேட்பது ஆபத்தான அரைகுறைக் கேள்வி. பாயின்ட் 32 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு தோட்டாக்கள் இருக்கின்றன. நம் நாட்டு ரிவால்வருக்கு உரியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்ற ரகம். அடிப்பகுதியில் நன்றாகப் புடைத்த விளிம்பு இருக்கும், கூடும் நீளம். பிஸ்டலுக்கு உரியது ஏசிபி. அது குட்டையானது, விளிம்பு மிக மெலிதாகத்தான் துருத்தும். இரண்டின் குண்டும் ஏறத்தாழ ஒரே பருமன் என்பதால் பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுடுவார்கள். ரிவால்வர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15,000 பவுண்டு. பிஸ்டல் தோட்டாவுக்கு அது 20,500 பவுண்டு. தேய்ந்த பூட்டும் தளர்ந்த கீலும் உள்ள கிழட்டு ரிவால்வரில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. மெலிந்த விளிம்பு அறையின் வாயில் சரியாக நிற்காமல் தோட்டா உள்ளே அமிழ்ந்தால், ஊசி அழுத்தமாக அடிக்காமல் வெடிக்கத் தவறுவதும் உண்டு. உரிமையாளரோ துப்பாக்கிதான் கெட்டுவிட்டது என்று நினைப்பார். எனவே பழுது என்று ஓடுவதற்கு முன், துப்பாக்கியில் பொறித்திருப்பதையும் உரிமத்தில் எழுதியிருப்பதையும் தோட்டாவின் அடியில் அச்சிட்டிருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, யாரிடம் போவது? பழுதுபார்க்கவும் உரிமம் வைத்திருக்கும் துப்பாக்கிக் கடைக்கு. விற்க மட்டும் உரிமம் உள்ள கடைகளும் இருக்கக்கூடும். ஆகவே "ரிப்பேருக்கும் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். உரிமத்தைச் சுவரில் மாட்டியிருந்தால் படித்துப் பாருங்கள்.

முதியவர்கள் பலர் தாமே தூக்கிக்கொண்டு போக முடியாமல் பழுதோடு வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. உரிமதாரரின் முன்னிலையிலோ, அவர் எழுத்தில் கொடுத்த அதிகாரத்தின் பேரிலோ, பழுதுபார்க்கவும் உரிமம் புதுப்பிக்கவும் மற்றொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று மூன்றாம் பிரிவு அனுமதிக்கிறது. 'எழுத்தில்' என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. "அப்பா சொன்னார், எடுத்துட்டு வந்தேன்" என்று வாய்வார்த்தையாகச் சோதனைச் சாவடியில் சொன்னால், உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றமாக அது போய் முடியலாம். அதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. கடிதத்தில் உரிம எண், துப்பாக்கி எண், எந்தக் கடைக்கு, எந்த நாளில், யார் கொண்டுபோகிறார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, உரிமப் புத்தகத்தையும் கொடுத்தனுப்புங்கள். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு பெங்களூர் கடைக்குப் போக முடியாது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்கட்டும், தோட்டா வேறு பையில் போகட்டும். கூரியரில் அனுப்பும் யோசனையே வேண்டாம்.

கடையில் கொடுக்கும்போது ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். துப்பாக்கியின் எண், கொடுத்த நாள், என்ன கோளாறு, எந்தப் பாகத்தை மாற்றப் போகிறார்கள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பாக்கித் தருகிறேன், கருப்பு மெருகு ஏற்றித் தருகிறேன் என்று சொன்னால், எண் பொறித்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று எழுதி வாங்குங்கள். அடையாளக் குறி அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, அழித்தவர் அவரே என்று கருதும்படி எட்டாம் பிரிவு சொல்கிறது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அப்பா இறந்தபின் பீரோவில் கிடைத்த துப்பாக்கிக்கு வரிசை வேறு. உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. முதலில் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடமோ, மாநகரமானால் காவல் ஆணையரிடமோ விண்ணப்பிக்கலாம். பழுதுபார்ப்பது அதற்கும் பிறகுதான். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயதானாலோ இருபத்தைந்து ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, ஒரு வாரிசைக் குறிப்பிட்டு மாற்ற 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. இந்த வழியைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், பதினெட்டாம் பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம்.

பழுது சரியாயிற்றா என்று தோட்டத்து மூலையில் சுட்டுப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அக்கறையின்றிச் சுட்டுப் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்ச ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2019இல் சேர்த்த இந்தப் பிரிவு கல்யாண வீட்டு வேட்டுச் சத்தத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கவனக்குறைவாகச் சுடும் எவருக்கும் அது பொருந்தும். சோதித்துப் பார்க்க வேண்டியது பழுது பார்த்தவரின் பொறுப்பு. நமக்குச் சந்தேகம் இருந்தால் சுடும் பயிற்சிக் கழகத்தின் களத்தில், அங்குள்ளவர் மேற்பார்வையில் பார்க்கலாம்.

காசு கொடுத்தும் கோளாறு தீரவில்லையா? கடைக்காரரிடம் பணிந்து நிற்க வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு பழுதுபார்ப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை. முதலில் எழுத்தில் கடிதம் கொடுங்கள். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதுதான். கடையில் வாங்கிய பழைய துப்பாக்கி வாங்கியபோதே பழுதாக இருந்திருந்தாலும் இதே வழி உண்டு. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அதனால் வாங்கும் முன்னரே, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

சரிசெய்ய முடியாது என்று நேர்மையான கன்ஸ்மித் சொன்னால் நம்புங்கள். குழல் வீங்கிவிட்டாலோ சட்டகத்தில் விரிசல் கண்டாலோ அதை உயிர்ப்பிக்க எவரையும் வற்புறுத்தாதீர்கள். ஒப்படைத்துவிட்டு, அதே உரிமத்தில் வேறொன்று வாங்க அனுமதி கேட்கலாம். தேவையே இல்லையென்றால் உரிமத்தையும் சேர்த்து ஒப்படைக்கலாம்.

பெரியப்பாவின் ரிவால்வரை, அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு நான்தான் கொண்டுபோனேன். மூன்று வாரம் ஆயிற்று. திரும்ப வாங்க அவரும் கூட வந்தார். ஊசியில் ஒரு குறையும் இல்லை என்றார் கன்ஸ்மித். குதிரையை இழுக்கும் வில் சோர்ந்திருந்தது, எண்ணெய் இறுகியிருந்தது, அவ்வளவுதான். பட்டறையில் அரை மில்லிமீட்டர் நீளமாக ஓர் ஊசி கடைந்திருந்தால் அது தோட்டாவின் மூடியைத் துளைத்து, வாயுவைச் சுட்டவர் முகத்தில் அடித்திருக்கும் என்று விளக்கினார். பிறகு நாங்கள் கொண்டுபோன பெட்டியிலிருந்து ஆறு தோட்டாக்களைத் தனியே எடுத்து மேசையில் நிறுத்தினார். மற்றவற்றைவிடக் குட்டையானவை, விளிம்பு மெலிந்தவை. எப்போதோ ஒரு நண்பர் கொடுத்ததாகப் பெரியப்பாவுக்கு நினைவு வந்தது. உரிமத்தில் இல்லாத ரகம் அது, வைத்திருப்பதே தவறு. மறுநாள் காலை ஒரு கடிதம் எழுதிக்கொண்டு இருவரும் காவல் நிலையத்துக்குப் போய் அந்த ஆறையும் ஒப்படைத்து ரசீது வாங்கினோம்.