மதுபோதை ஓட்டுநரால் உயிரிழக்கும் பிறர்: முதல் சில மணி நேரம் ஏன் முக்கியம்? குடும்பங்கள் அறிய வேண்டியது என்ன?

பெங்களூரு: ஐதராபாத்திலிருந்து பெங்களூரு நோக்கி வந்துகொண்டிருந்த தனியார் சொகுசுப் பேருந்து ஒன்று, 2025 அக்டோபர் 24-ஆம் தேதி அதிகாலையில் ஆந்திரப் பிரதேசத்தின் கர்நூல் மாவட்டம் சின்னடேக்கூரு அருகே தீப்பிடித்து எரிந்தது. உறக்கத்தில் இருந்த பயணிகளில் 19 பேர் உயிரிழந்தனர். பேருந்து மோதி இழுத்துச் சென்றது, சற்று முன்னர் விபத்துக்குள்ளாகிச் சாலையில் கிடந்த ஒரு இருசக்கர வாகனத்தை. அதை ஓட்டிவந்தவர் அந்த முதல் விபத்திலேயே இறந்துவிட்டார். அவர் மது அருந்தியிருந்தது தடயவியல் பரிசோதனையில் உறுதியானதாகக் காவல்துறை அறிவித்தது.

பேருந்து ஓட்டுநரும் இவ்வழக்கில் கைது செய்யப்பட்டார். பேருந்தின் அவசர வழிகள், தீத்தடுப்பு வசதிகள் குறித்தும் கேள்விகள் எழுந்தன. ஆயினும் விபத்துச் சங்கிலியின் முதல் கண்ணியாகக் காவல்துறை சுட்டிக்காட்டியது மதுபோதையில் ஓட்டப்பட்ட அந்த இருசக்கர வாகனத்தையே. இச்சம்பவத்தைத் தொடர்ந்து, மதுபோதையில் வாகனம் ஓட்டுவோரைப் பயங்கரவாதிகள் என்றே ஐதராபாத் காவல் ஆணையர் வி.சி.சஜ்ஜனார் கடுமையாகச் சாடினார்.

இத்தகைய விபத்துகளில் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் அந்த வாகனத்துக்கு வெளியே இருப்பவர்கள். 2024 நவம்பர் தொடக்கத்தில் பெங்களூரு கெங்கேரி பகுதியில் சாலையைக் கடந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர் சொகுசு கார் மோதி உயிரிழந்தார். காரை ஓட்டிய 20 வயது இளைஞர் மது அருந்தியிருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. இவ்வாறு உறவினரை இழக்கும் குடும்பத்துக்குச் சட்டம் என்ன தருகிறது? குற்றத்தை நிரூபிப்பதில் எங்கே சிக்கல் எழுகிறது? இழப்பீடு பெறும் வழி என்ன? விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் வகுத்துள்ள வரம்பு என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றமாகும். 2019-ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின், முதல் முறை குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றம் புரிந்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் நேரிடும். கார், லாரி, ஆட்டோ, இருசக்கர வாகனம் என எதை ஓட்டினாலும் வரம்பு ஒன்றே.

உலக சுகாதார அமைப்பு பொதுவாகப் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 50 மில்லி கிராம். இளம் ஓட்டுநர்களுக்கு அது 20 மில்லி கிராம். எனவே இந்தியாவின் வரம்பு பல நாடுகளைவிடக் கடுமையானதே.

உடலில் நிகழ்வது என்ன?

மது அருந்தியவரின் கண் பார்ப்பதற்கும் கால் பிரேக்கை மிதிப்பதற்கும் இடையிலான நேரம் நீள்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. ஓட்டுநரின் எதிர்வினை அரை நொடி தாமதமானாலும் வாகனம் 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். பாதசாரிக் கடவையின் ஓரத்திலேயே நின்றிருக்க வேண்டிய வாகனம், அதைத் தாண்டிச் சென்று நிற்பதற்கு இந்தத் தூரம் போதும்.

மது தன்னம்பிக்கையை உயர்த்தி எச்சரிக்கை உணர்வைக் குறைப்பதால் வேகமும் கூடுகிறது. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராக உயரும்போது, கார் மோதும் பாதசாரி இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. காரில் இருப்பவரைக் காக்க இருக்கைப் பட்டையும் காற்றுப்பையும் உண்டு. நடந்து செல்பவருக்கு அவ்வாறான தடுப்பு எதுவும் இல்லை.

காலையிலும் தொடரும் போதை

உடலிலிருந்து ஆல்கஹால் வெளியேறும் வேகம் நபருக்கு நபர் மாறுபடும். சராசரியாக 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மணிக்கு 15 மில்லி கிராம் என்ற அளவில் அது குறைகிறது. பெங்களூருவில் மதுக்கூடங்கள் அதிகாலை 1 மணி வரை இயங்க அனுமதி உள்ளது. அந்நேரத்தில் ஒருவரின் இரத்தத்தில் 150 மில்லி கிராம் ஆல்கஹால் இருந்தால், காலை 7 மணிக்கும் சுமார் 60 மில்லி கிராம் எஞ்சியிருக்கும். உறங்கி எழுந்து, குளித்து, காபி அருந்தியபின்னும் சட்ட வரம்பைப் போல் இரு மடங்கு போதையுடனேயே அவர் வாகனத்தை எடுக்கிறார். குளியலோ காபியோ ஆல்கஹால் வெளியேறும் வேகத்தைக் கூட்டுவதில்லை.

பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறை பள்ளி நேரத்தில் பள்ளி வாகன ஓட்டுநர்களிடம் சிறப்புச் சோதனை நடத்துவதற்குக் காரணம் இதுவே. 2024-ஆம் ஆண்டில் நடைபெற்ற இத்தகைய சோதனைகளில், குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களின் ஓட்டுநர்கள் சிலர் மதுபோதையில் இருந்தது கண்டறியப்பட்டு அவர்கள் மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டது.

நேரம் கரைக்கும் ஆதாரம்

இரத்தத்தில் ஆல்கஹால் குறைந்துகொண்டே வருவது வழக்கு விசாரணையையும் பாதிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆவது பிரிவின்படி, மதுபோதையில் ஓட்டியவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். பரிசோதனைக்கு உரிய காரணமின்றி மறுத்தால், அம்மறுப்பே அவருக்கு எதிரான சூழ்நிலையாகக் கருதப்பட 205-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

இந்த இரண்டு மணி நேரம் கைதான நொடியிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆல்கஹால் வெளியேறுவதோ விபத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எனவே சம்பவ இடத்திலிருந்து தப்பிச் செல்பவருக்குக் காலமே துணையாகிறது. 2024 ஜூலையில் மும்பை வொர்லியில் சொகுசு கார் மோதிப் பெண் ஒருவர் உயிரிழந்த வழக்கில், காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் இரண்டு நாள்களுக்குப் பின்னரே கைது செய்யப்பட்டார். அதற்குள் இரத்தப் பரிசோதனை பொருளற்றதாகிவிடுகிறது. இத்தகைய சூழலில் மதுக்கூடத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவு, கட்டண ரசீது, உடன் இருந்தோரின் சாட்சியம் ஆகியவற்றையே காவல்துறை நம்ப வேண்டியுள்ளது.

பரிசோதனை உரிய நேரத்தில் நடந்தாலும் மாதிரி பாதுகாக்கப்பட வேண்டும். 2024 மே 19-ஆம் தேதி புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் கார் மோதி இளம் மென்பொருள் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தனர். அச்சிறுவனின் இரத்த மாதிரி மாற்றப்பட்டதாக எழுந்த புகாரில் மருத்துவர்கள் இருவர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர்.

அலட்சியமா? கொலைக் குற்றமா?

மதுபோதை ஓட்டுநரால் மரணம் நேர்ந்தால் இரு வகைகளில் வழக்குத் தொடரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 (1) பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 304 ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்த செயல் எனக் கருதப்பட்டால், கொலையாகாத மரண விளைவிப்புக் குற்றத்துக்கான 105-ஆவது பிரிவு பொருந்தும். அறிந்து செய்த இத்தகைய செயலுக்கு 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதில் வழிகாட்டியாக விளங்குவது மும்பை கார்ட்டர் சாலை வழக்கு. 2006 நவம்பர் 12-ஆம் தேதி அதிகாலை, நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறியதில் 7 பேர் இறந்தனர். 8 பேர் காயமடைந்தனர். ஓட்டியவரின் இரத்தத்தில் 0.112 சதவீதம், அதாவது சட்ட வரம்பைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆல்கஹால் இருந்தது. விசாரணை நீதிமன்றம் விதித்த 6 மாதச் சிறைத் தண்டனையை மும்பை உயர் நீதிமன்றம் 3 ஆண்டாக உயர்த்தியது. குடித்துவிட்டு அதிவேகமாக ஓட்டினால் உயிர் போகும் என்ற அறிவு ஓட்டுநருக்கு இருந்ததாகவே கொள்ள முடியும் என்ற அடிப்படையில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்றாண்டு என்பதே குறைவான தண்டனை என்றும் அத்தீர்ப்பு கருதியது.

நீதிமன்றம் அந்த முடிவுக்கு வர, இரத்தப் பரிசோதனை அறிக்கையும் ஓர் ஆதாரமாக இருந்தது. அது இல்லாத வழக்கில் அலட்சியக் குற்றச்சாட்டு மட்டுமே எஞ்சும் வாய்ப்பு அதிகம்.

இழப்பீடு பெறும் வழி

குற்றவியல் வழக்கு எவ்வாறு முடிந்தாலும், இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. இறந்தவரின் வயது, வருமானம், அவரைச் சார்ந்திருந்தோரின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு தொகை கணக்கிடப்படுகிறது. தவறு யாருடையது என நிரூபிக்க விரும்பாதோர், 164-ஆவது பிரிவின் கீழ் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் கோரலாம்.

மதுபோதையில் ஓட்டியது காப்பீட்டு ஒப்பந்தத்தை மீறிய செயல் எனக் காப்பீட்டு நிறுவனம் வாதிடக்கூடும். எனினும் அந்த மீறலில் பங்கில்லாத மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் இழப்பீட்டை வழங்கிவிட்டு, பின்னர் வாகன உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன. கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் அளித்த தீர்ப்பு இதற்கு எடுத்துக்காட்டு. எனவே, ஓட்டுநர் குடித்திருந்ததால் காப்பீடு கிடைக்காது என்று எவரேனும் கூறினால் அதை நம்பிக் கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை.

மோதிய வாகனம் எதுவெனத் தெரியாத நிலையில், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. தீர்ப்பாயத்தில் விபத்து நிகழ்ந்த 6 மாதத்துக்குள் மனு அளிக்க வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். இக்காலவரம்பை எதிர்த்துச் சட்டச் சவால்கள் எழுந்துள்ள போதிலும், காலந்தாழ்த்தாமல் மனு அளிப்பதே பாதுகாப்பானது.

காயமடைந்தோருக்கு விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கை செய்யப்பட்டது.

எண்ணிக்கையில் மறையும் உண்மை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். மது மற்றும் போதைப்பொருள் காரணமாக நேர்ந்ததாகப் பதிவான மரணங்கள் மொத்தத்தில் சுமார் 2.5 சதவீதம் மட்டுமே. அதிவேகம் காரணமாகப் பதிவானவை 71 சதவீதத்துக்கும் மேல். குடித்துவிட்டு வேகமாக ஓட்டிய ஒருவரின் விபத்து, அதிவேகம் என்ற தலைப்பிலேயே பதிவாகிவிடக்கூடும். பரிசோதனை நடத்தப்படாத விபத்தில் மதுவின் பங்கு கணக்கில் சேர்வதே இல்லை. குடித்தவர் எத்தனை பேர், அவரால் இறந்தவர் எத்தனை பேர் என்பதையும் இந்தச் சதவீதத்திலிருந்து பிரித்தறிய இயலாது.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மதுவுக்கும் சாலை விபத்துக் காயங்களுக்கும் உள்ள தொடர்பை நெடுங்காலமாக ஆய்வு செய்து வருகிறது. காவல்துறைப் பதிவுகளைக் காட்டிலும் மருத்துவமனைத் தரவுகளில் மதுவின் பங்கு அதிகமாகத் தென்படுவதை இத்தகைய ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன.

தடுப்பு நடவடிக்கைகள்

தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.பாலு தொடர்ந்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இயங்கக் கூடாது என 2016 டிசம்பர் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் 2017 ஜூலை தொடக்கத்தில் பெங்களூரு எம்.ஜி.சாலைப் பகுதியில் இருந்த மதுக்கூடங்களும் மூடப்பட்டன. நகர எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியபின் அவை மீண்டும் திறக்கப்பட்டன. அதன்பின் நகரச் சாலைகளில் எஞ்சிய முக்கியத் தடுப்பு, இரவு நேர வாகனச் சோதனையே.

புத்தாண்டு இரவில் பெங்களூரு காவல்துறை மேம்பாலங்களை மூடுகிறது, எம்.ஜி.சாலை, பிரிகேட் சாலை பகுதிகளில் வாகனங்களுக்குத் தடை விதிக்கிறது. நம்ம மெட்ரோ ரயில் சேவை நள்ளிரவுக்குப் பின்னும் நீட்டிக்கப்படுகிறது. ஆண்டின் ஏனைய வார இறுதிகளில் மதுக்கூடங்கள் மூடப்படும் நேரத்துக்கு முன்பே மெட்ரோ சேவை நின்றுவிடுகிறது.

விபத்தைக் காண்போர் செய்ய வேண்டியவை

வாகனத்தின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு 112 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ஓட்டுநர் மது அருந்தியிருப்பதாகத் தோன்றினால் அதையும் அந்த அழைப்பிலேயே தெரிவிக்க வேண்டும். காயமடைந்தவரை மருத்துவமனையில் சேர்க்கும் நபருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134 ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. தம் பெயரையோ முகவரியையோ தருமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தினர், ஓட்டுநருக்குப் பரிசோதனை எந்த நேரத்தில் நடைபெற்றது, மாதிரி எங்கு அனுப்பப்பட்டது என்பதை விசாரணை அதிகாரியிடம் முதல் நாளிலேயே கேட்டறிவது அவசியம். மதுபோதையில் ஓட்டியது நீதிமன்றத்தில் நிரூபணமாகுமா என்பது பெரும்பாலும் அந்தச் சில மணி நேரத்தில் பதிவாகும் ஆதாரத்தைப் பொறுத்தே அமைகிறது.