நாக்கின் நிலவரைபடம் – 9: டொராண்டோவும் ரொறன்ரோவும்

டேனியல் ஜோன்ஸ் தமது 1917ஆம் ஆண்டு அகராதியில் 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்று பெயரிட்டு, 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ரிசீவ்டு புரனன்சியேஷன்' என மாற்றிக்கொண்ட தர ஆங்கில ஒலிப்பு, விடுதிப் பள்ளிகளில் பயின்ற ஒரு சிறு கூட்டத்தாரின் பேச்சே என்பது முன்பே சொல்லப்பட்டது. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தவர், 1887இல் திருமயத்தில் பிறந்து, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பயின்று, ஆங்கில மேடைப்பேச்சால் புகழ்பெற்ற எஸ். சத்தியமூர்த்தி. அவரிடம் போகும் வழியை ட என்னும் ஓர் எழுத்து மறித்துக்கொண்டது.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் பேருந்தில் நடத்துநர் 'டிக்கெட்' என்னும்போது நாவின் நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. லண்டன்காரர் அதே சொல்லைச் சொல்லும்போது நுனி வளையாமல் மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறுமேட்டைத் தொட்டு, சிறிது மூச்சையும் வெளியே தள்ளுகிறது. இந்திய ஆங்கிலத்தைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காட்டுவனவற்றுள் இந்த நாவளைவு முதன்மையானது. இந்தி பேசுவோரும் இப்படியே ஒலிக்கின்றனர். ஆனால் அவர்கள் மொழியில் பல்லுக்கு ஒன்று, அண்ணத்துக்கு ஒன்று என இரண்டே இடங்கள் இருப்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை.

தமிழின் கதை அதுவன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல், ரகரத்தை நா வருடிப் பிறக்கும் ஒலியாகவும், றகரத்தை நுனிநா அண்ணத்தை ஒற்றிப் பிறக்கும் ஒலியாகவும் பிரித்து வைக்கிறது. றகரம் வல்லினத்தில் சேர்க்கப்பட்டதும் அது நாவால் காற்றை அடைத்து விடுக்கும் ஒலியாக இருந்ததாலேயே. அதாவது, ஆங்கில டகரத்துக்கு நெருங்கிய ஒலி தமிழுக்குள்ளேயே இருந்தது. புதுக்கோட்டைப் பேச்சில் 'காற்று' 'காத்து' ஆகிவிட, அவ்வொலி போய்விட்டது. யாழ்ப்பாணப் பேச்சில் அது இன்றும் பிழைத்திருக்கிறது. ஆகவேதான் கனடாவில் குடியேறிய ஈழத் தமிழர், தமிழ்நாட்டார் 'டொராண்டோ' என்று எழுதும் நகரை 'ரொறன்ரோ' என்று எழுதுகின்றனர். றகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற மரபினால் அங்கே ரகரம் நிற்கிறது. நடுவிலுள்ள 'ன்ர', 'ன்ற' போலவே ஒலிக்கப்படுகிறது. தமிழகத்து வாசகருக்கு எழுத்துப்பிழையாகத் தோன்றும் இவ்வடிவம், உண்மையில் ஆங்கில ஒலிக்குக் கூடுதல் நெருக்கமானது. மலையாளிகளும் 'ஸ்டேஷன்' என்பதை எழுத இரட்டை றகரத்தையே கையாள்கின்றனர்.

இடைச்செருகலாக ஒன்று. 'கார்' என்பதன் இறுதி ரகரத்தை ஜோன்ஸின் தர ஒலிப்பு விழுங்கிவிட, ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் அமெரிக்காவின் பெரும்பகுதியும் அதை விடாமல் ஒலிக்கின்றன; அவ்வகையில் அறந்தாங்கிக்காரர் எடின்பரோக்காரரின் கட்சி. தரத்தின் காவலனாக விளங்கிய பி.பி.சி.யே 1941இல் யார்க்ஷயர் பேச்சு மாறாத வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க அமர்த்தியது. அவர் 'குட் நைட்' என்பதைத் தம் ஊர் வழக்கில் 'குட் நீட்' என்று முடித்து விடைபெற, நேயர்களில் ஒரு சாரார் கொதித்துப்போயினர்.

சத்தியமூர்த்தி 1935இல் மத்திய சட்டசபைக்குள் நுழைவதும், 'வெள்ளி நாக்கு' சீனிவாச சாஸ்திரியாருடன் அவரை ஒப்பிடுவதும் அடுத்த வாரத்துக்கு.