எங்கே இறங்குவது என்று காற்றைக் கேளுங்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில் உள்ள செசில் கடற்கரையில் மணலைத் தேடக்கூடாது. சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் கூழாங்கல்தான். மேற்குக் கோடியில் பட்டாணி அளவு. கிழக்கே போகப்போகப் பருத்து, போர்ட்லண்டை எட்டும்போது உருளைக்கிழங்கு அளவு. இருட்டில் படகைக் கரைசேர்க்கும் அந்தக் கால மீனவர்கள், காலடியில் ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தே எந்த ஊர்க் கரை என்று சொல்லிவிடுவார்களாம்.

உருளைக்கிழங்குக் கோடிக்குச் செசில் கோவ் என்று பெயர். படகு வேண்டாம், காரை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் ஏற்றி, கரையிலிருந்தே நடந்து இறங்கி முக்குளிக்கலாம். பிரிட்டனில் அதற்குப் பேர்போன இடங்களில் இதுவும் ஒன்று. ஆளைக் கொன்றுவிடக்கூடிய இடமும் இதுதான். இவ்வளவு பெரிய கற்களை அளவு பார்த்துப் பிரித்துக் குவித்தவை அலைகள் என்பதை ஒரு நிமிடம் யோசித்தால் போதும், ஏன் என்று விளங்கிவிடும்.

அலை அடிக்கும்போது நீர் மேலே மட்டும் ஆடுவதில்லை. அலைநீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் அந்த ஆட்டம் இறங்குகிறது. உள்ளூர்க் காற்று கிளப்பும் சிற்றலை நான்கு நொடிக்கு ஒன்றாக வந்தால் அதன் நீளம் சுமார் 25 மீட்டர். பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே போனால் அமைதி. எங்கோ அட்லாண்டிக்கில் அடித்த புயலின் அலை பத்து நொடிக்கு ஒன்றாக வரும். அதன் நீளம் 150 மீட்டரைத் தாண்டும். ஆட்டம் 75 மீட்டர் ஆழம் வரை எட்டும். செசில் கோவின் வாய் தென்மேற்கைப் பார்த்து அட்லாண்டிக்குக்குத் திறந்திருக்கிறது. ஆகவே வெயிலடித்து, காற்றே இல்லாத நாளிலும் அடிமட்டம் வரை நீர் முன்னும் பின்னும் இழுக்கலாம். கரையிலோ சரிவு செங்குத்து. அலை தூரத்தில் உடைந்து தணிந்து வருவதில்லை, கரையோரத்திலேயே அப்படியே கவிழ்கிறது. இறங்குவது சுலபம். திரும்பும்போது முப்பது கிலோவுக்கு மேல் சுமையோடு, காலடியில் உருளும் கல்லில் ஏற வேண்டும். முதல் அலை தள்ளிவிடும், அடுத்தது உள்ளே இழுக்கும். கரை முக்குளிப்பில் விபத்துக்கு வாய்ப்புள்ள இடம் இந்தக் கடைசிப் பத்தடிதான்.

அதனால்தான் "பிரிட்டனில் எந்த இடம் நல்லது?" என்ற கேள்விக்கு நேர்ப்பதில் கிடையாது. இன்றைக்கு எந்தத் திசைக் காற்று என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த நாட்டுக்கு எல்லாத் திசையையும் பார்த்த கரைகள் உண்டு என்பது பெரிய வசதி. தென்மேற்குக் காற்று வீசி செசில் கோவ் கொந்தளிக்கும் நாளில், அதே டார்செட்டில் கிழக்கு பார்த்த ஸ்வானேஜ் விரிகுடா பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். அங்கே விக்டோரியா காலத்துக் கடற்பாலம் ஒன்று. அடியில் ஆழம் நான்கைந்து மீட்டர்தான். தூண்களுக்கிடையே, கண்ணுக்கு மேலே கிளைவிட்ட கொம்புபோல் சதைத்துணுக்கு முளைத்த டாம்பாட் பிளென்னி என்ற குட்டி மீன், பொந்திலிருந்து தலையை நீட்டி வந்தவரை முறைக்கும். என்னைக் கேட்டால் ஆழத்துக்கு ஆசைப்படுகிறவர்களைவிட, இந்த மீனோடு ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள்தான் விவரமானவர்கள். கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, எழுந்தால் கணக்கு தலைகீழ். ஸ்வானேஜ் கலங்கிவிடும், செசிலுக்கு அன்றைக்கு யோகம்.

காற்றுக்கு அடுத்தது ஓதம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. அந்த ஆறு மணியில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த உயரத்தில் ஏறக்குறைய பாதி ஏறிவிடும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. பல இடங்களில் இழுப்பும் அப்போதுதான் அதிகம். இரு முனைகளிலும் நீர் சற்று நிற்கும் நேரமே முக்குளிப்பவருக்கானது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓதம் பெரிது. அஷ்டமியை ஒட்டி வரும் நாட்களில் சிறிது. பிரிஸ்டல் கால்வாயில் ஏற்றவற்ற வித்தியாசம் 14 மீட்டர் வரை போகும். நீர் சேறாகவே இருக்கும். அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

ஓத ஓட்டத்தை மனிதன் அடைத்ததால் பிறந்த இடமும் ஒன்று உண்டு. 1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஆர்க்னி தீவுகளின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்துக்குள் புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு தீவுகளுக்கிடையே எழுந்தவைதான் சர்ச்சில் தடுப்புகள். ஒருகாலத்தில் ஓதம் சீறிப் பாய்ந்த இடைவெளிகளில் இன்று நீர் அடங்கிக் கிடக்கிறது. முன்பே வழியடைப்பதற்காக மூழ்கடித்த பழைய கப்பல்களைக் கரையிலிருந்தே நீந்திப்போய்ப் பார்க்கலாம்.

பருவமும் முக்கியம். தென்கரையில் கடல் மிகக் குளிர்ந்திருப்பது டிசம்பரில் அல்ல, பிப்ரவரி-மார்ச்சில். ஆகஸ்டு, செப்டம்பரில் நீர் ஓரளவு கதகதப்பாகும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏற, மிதவை நுண்ணுயிர்கள் பெருகி நீர் பச்சையாகக் கலங்கும். டெவனின் பாபகம் விரிகுடாவுக்குக் கணவாய்கள் இனப்பெருக்கத்துக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான். மை ஏறிக் கறுத்த முட்டைகளைத் திராட்சைக் கொத்துபோல் கடற்புல்லில் கட்டிவிட்டுப் போகும். அதைப் பார்க்க வேண்டுமானால் கலங்கல் நீரைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். தெளிந்த நீர் கேட்பவர்கள் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸுக்குப் போகலாம். 1984 முதல் அங்கே கடல்வாழ் உயிர்களுக்கு ஒரு தன்னார்வக் காப்பகம் இருக்கிறது. வடகடலைப் பார்த்த கரை என்பதால் அங்கேயும் கிழக்குக் காற்று ஆகாது.

ஓத அட்டவணை பார்க்கும்போது ஒன்று: அவற்றில் பல கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கரைக்குப் போனதும் உடுப்பை மாட்டாமல் கால்மணி நேரம் நின்று, ஏறி வரப்போகும் இடத்தில் அலை எப்படி உடைகிறது என்று பாருங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். நேரம் தாண்டினால் அவர் அழைக்க வேண்டிய எண் 999. கேட்க வேண்டியது கோஸ்ட்கார்டு.