குப்பைக் கம்பனியின் பங்கை மதிப்பிடல்

உழவு இயந்திரத்தை வாடகைக்கு விடுபவர் அதன் தேய்வையும் கணக்கிட வேண்டும் என்பதை நாம் அறிவோம். குப்பை அகற்றும் கம்பனிக்கும் இதுவே விதி. அதன் லொறிகள் தேய்கின்றன. குப்பை கொட்டும் நிலங்கள் நிரம்புகின்றன. இவற்றைச் செலவாகக் கழித்தபின் எஞ்சுவதே மெய்யான இலாபம்.

ஐக்கிய அமெரிக்காவின் 'வேஸ்ட் மனேஜ்மன்ட்' கம்பனி, லொறிகளின் ஆயுட்காலத்தைக் கணக்கேட்டில் நீட்டித் தேய்வைக் குறைத்துக் காட்டியது. இத்தகைய வழிகளால் 1992 முதல் இலாபத்தை 170 கோடி டொலர் மிகைப்படுத்தியிருந்ததாக 1998இல் ஒப்புக்கொண்டது. உண்மை வெளியானபோது பங்குதாரர் இழந்த பெறுமதி 600 கோடி டொலருக்கும் மேல்.

ஆகவே பங்கு வாங்குமுன் நாம் கேட்கவேண்டியவை மூன்று: லொறிகளுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் கணித்துள்ளனர்? நிலத்தில் எவ்வளவு இடம் மீதமுண்டு? நிரம்பிய நிலத்தை மூடிப் பராமரிக்கப் பணம் ஒதுக்கியுள்ளனரா?