விகிதமுறா மூலத்திலிருந்து முழு எண் கெழுக்கள்: இராமானுஜன் விடுவித்த வீட்டெண் புதிரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இருபடிச் சமன்பாட்டின் ஒரு மூலம் விகிதமுறா எண்ணாக அமையும்போது அதன் முழு எண் கெழுக்களைக் காணும் இரு வழிகளையும், அவற்றின் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இருபடிச் சமன்பாடு, விகிதமுறா எண், இணை மூலம், தொடர் பின்னம், இராமானுஜன்.

முன்னுரை

1914 டிசம்பரில் இலண்டன் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் ஒரு புதிர் வெளிவந்தது. ஒரு தெருவின் வீடுகள் 1 முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. குறிப்பிட்ட ஒரு வீட்டிற்கு முன்னுள்ள எண்களின் கூடுதலும் பின்னுள்ள எண்களின் கூடுதலும் சமம். வீடுகளின் எண்ணிக்கை 50க்கு மேல், 500க்குக் கீழ் எனின் அவ்வீட்டின் எண் யாது? கேம்பிரிட்ஜில் பயின்ற பி. சி. மகலனோபிஸ் இதனைப் படித்துக்காட்ட, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன் உடனே ஒரு தொடர் பின்னத்தை விடையாகக் கூறினார். எஸ். ஆர். இரங்கநாதன் 1967இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்வு பதிவாகியுள்ளது. விடை, 288 வீடுகளில் 204ஆம் வீடு.

இணை மூல வழி

வீடுகளின் எண்ணிக்கைக்குரிய வரம்பை நீக்கினால் 1, 6, 35, 204 என விடைகள் தொடரும். ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண்ணின் ஆறு மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதைக் கழித்துப் பெறப்படுவது. அடுத்தடுத்த எண்களின் விகிதம் 3 + 2√2 என்னும் எண்ணை நெருங்குகிறது.

இவ்வெண்ணை முழு எண் கெழுக்களுடைய இருபடிச் சமன்பாட்டில் இட்டால் ஒரு விகிதமுறு பகுதியும் √2இன் ஒரு மடங்கும் கிடைக்கும். √2 விகிதமுறா எண்ணாதலால் இரண்டும் தனித்தனியே சுழியாதல் வேண்டும். ஆகவே √2இன் குறியை மாற்றினாலும் சமன்பாடு நிறைவுறும். 3 − 2√2 என்பதும் மூலமாகும். மூலங்களின் கூடுதல் 6, பெருக்கற்பலன் 9 − 8 = 1. எனவே,

ய² − 6ய + 1 = 0.

தொடரின் விதியில் காணும் ஆறு மடங்கும் ஒரு மடங்குக் கழித்தலும் இக்கெழுக்களே. கெழுக்கள் விகிதமுறு எண்கள் என்னும் நிபந்தனை இன்றியமையாதது. அது இல்லையெனில் இரண்டாம் மூலம் எதுவாகவும் இருக்கலாம். வகுப்பறையில் பெரிதும் விடுபடுவது இந்நிபந்தனையே.

தொடர் பின்ன வழி

மூலத்தின் பதின்ம மதிப்பு மட்டும் (5.828427…) தெரியுமெனில் இணை மூலத்தை நேரே எழுத இயலாது. 5ஐக் கழிக்க 0.828427, அதன் தலைகீழி 1.207107. 1ஐக் கழித்துத் தலைகீழி காண 4.828427, 4ஐக் கழிக்க மீண்டும் 0.828427. மீளும் இப்பகுதியை ‘வ’ எனக் கொண்டால்,

வ = 1 / (1 + 1 / (4 + வ)).

சுருக்க, வ² + 4வ − 4 = 0. வ = ய − 5 எனப் பிரதியிட, முன்னர்ப் பெற்ற சமன்பாடே கிடைக்கிறது. இருபடி விகிதமுறா எண் ஒவ்வொன்றின் தொடர் பின்னமும் இவ்வாறு மீளும் என்பதை 1770இல் லாக்ராஞ்சி நிறுவினார்.

முடிவுரை

முடிவுறு பதின்மம் எதுவும் விகிதமுறு எண்ணே. ஆதலின் சில இலக்கங்களில் தோன்றும் மீள்வு ஊகமேயன்றி நிறுவல் ஆகாது. வீட்டெண் புதிரில் அவ்வூகத்தை எண்தொடரின் விதி உறுதிசெய்கிறது. பிற இடங்களில் மூலத்தின் துல்லிய வடிவத்தைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.