பாட்டின் கடைசியில் இருக்கும் ஊர்

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே திருப்புகழ் கேட்டிருப்பவர்களுக்கு இது தெரியும்: பக்கத்திலிருக்கும் தணிகை முருகனுக்கு மட்டும் அருணகிரிநாதர் அறுபதுக்கும் மேல் பாடியிருக்கிறார். சரி, இந்தப் பாட்டு இந்த ஊருக்கு என்று எப்படிப் பிரித்தார்கள்? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

முதலில் அவர் காலம். திருவண்ணாமலையில் வல்லாள கோபுரத்தின் மேலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான், பின்னால் கிளியாக மாறினார் என்பதெல்லாம் நாம் கேட்டு வளர்ந்த கதை. கதை அதன் இடத்தில் இருக்கட்டும். காலத்தைச் சொல்ல அவர் பாட்டிலேயே ஒரு பிடி இருக்கிறது. பிரபுடதேவ மாராயர் என்று ஓர் அரசரின் பெயரைச் சொல்கிறார். விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயரைத்தான் அது குறிக்கிறது என்பார்கள். ஆக, 15ஆம் நூற்றாண்டு.

இனி ஊர். ஒரு திருப்புகழை எடுத்துக்கொள்வோம். முன்பாதியில் உடம்பின் அலைச்சலும் ஆசையும் வரும். பிறகு சூரனை வென்றது, வள்ளியை மணந்தது. கடைசி அடியில்தான் இன்ன ஊரில் இருக்கும் பெருமாளே என்று கூப்பிட்டு முடிப்பார். முந்தானையைப் பிரித்துப் பார்த்தே எந்த ஊர்ச் சேலை என்று நெசவாளர் சொல்லிவிடுவதில்லையா, அப்படித்தான். தணிகைப் பாட்டில் பல இடங்களில் குவளை பூக்கும் சுனையும் கூடவே வரும். ஊர்ப் பெயரே இல்லாதவற்றைப் பதிப்பாசிரியர்கள் ‘பொதுப் பாடல்கள்’ என்று தனியே வைத்தார்கள்.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழுகிறோம். பாட்டில் ஊர் இருந்தால் அங்கே நேரில் நின்று பாடினார் என்று எடுத்துக்கொள்கிறோம். இருநூறுக்கும் மேற்பட்ட தலங்களை வைத்து அவருக்கு ஒரு யாத்திரைப் படமே போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் காசி இருக்கிறது, இலங்கைக் கதிர்காமம் இருக்கிறது, கயிலாயமும் இருக்கிறது. எங்கெல்லாம் நடந்தே போனார், எந்த ஊரை இருந்த இடத்திலிருந்தே நினைத்துப் பாடினார் என்பதைப் பாட்டு சொல்வதில்லை. எந்த ஊர் முருகனைக் கூப்பிட்டார் என்பதை மட்டும் சொல்கிறது. கயிலாயம் வரை போகவில்லை என்றால் பாட்டின் மதிப்பு குறைந்துவிடுமா என்ன?

இத்தனையும் நம் கைக்கு வந்தது ஒரு வழக்கின் புண்ணியம். 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாட்டை நீதிமன்றத்தில் காட்டினார்கள். நீதிமன்றப் பணியில் இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அதில் சொக்கிப்போய், ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. கிடைத்தது ஆயிரத்து முந்நூறு சொச்சம். உரை எழுதியவர் அவருடைய மகன் செங்கல்வராய பிள்ளை. செங்கல்வராயன் என்பது தணிகை முருகனின் பெயர்தான்.

வீட்டில் திருப்புகழ்ப் புத்தகம் இருந்தால், இன்றைக்கு ஒரு பாட்டைக் கடைசி அடியிலிருந்து படித்துப் பாருங்கள்.