சண்டை என்றால் அப்படித்தானா?



அண்மையில் ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் பெரியவர் ஒருவரோடு கோவில் வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் வந்த போர்ச் செய்தியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஒரு மருத்துவமனைமீது குண்டு விழுந்திருந்தது. "சண்டைன்னு வந்துட்டா அப்படித்தான் பாதர், என்ன செய்ய முடியும்?" என்றார். அவர் இரக்கமற்றவர் அல்லர். நாம் பலரும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் சண்டை என்றால் உண்மையிலேயே அப்படித்தானா?

1859-ஆம் ஆண்டு ஜூன் 24. வட இத்தாலியில் சொல்ஃபெரினோ என்ற இடத்தில் பிரான்ஸ், சார்தீனியப் படைகள் ஒரு பக்கமும் ஆஸ்திரியப் படை மறுபக்கமும் மோதின. தொழில் காரியமாக அங்கு வந்திருந்தார் ஜெனீவா நகர வணிகர் ஹென்றி டியூனான். பக்கத்து ஊரான காஸ்திலியோனேயில் ஆலயங்களும் வீடுகளும் காயம்பட்ட வீரர்களால் நிரம்பிவழிவதைக் கண்டார். அவ்வூர்ப் பெண்கள், எந்த நாட்டுப் படைவீரர் என்று பாராமல் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். எல்லாரும் சகோதரர்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். நல்ல சமாரியர் உவமை அந்த ஊரில் நடந்தேறியது என்றே சொல்லலாம்.

டியூனான் 1862-இல் இதை நூலாக எழுதினார். அதன் பலனாக மறு ஆண்டே செஞ்சிலுவைப் பணி தொடங்கியது. 1864-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் பிறந்தது. அது காயமுற்ற வீரர்களைக் காத்தது. பொதுமக்களுக்கென்றே தனி ஒப்பந்தம் உருவாக இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிய வேண்டியிருந்தது. 1949-இல் வந்த நான்காவது ஜெனீவா ஒப்பந்தமே அது. இன்று உலக நாடுகள் அனைத்தும் அதை ஏற்றுள்ளன.

அது சொல்வது என்ன? மருத்துவமனைகளைத் தாக்கக்கூடாது. ஒருவர் செய்யாத குற்றத்திற்கு அவரைத் தண்டிக்கக்கூடாது. "எதிரி நம் மக்களைக் கொன்றான், நாமும் கொல்வோம்" என்று பழிதீர்க்கக்கூடாது. "அவர்கள் மக்களுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறார்களே" என்று கேட்கலாம். மக்களைக் கேடயமாக்குவது குற்றம்தான். ஆனால் ஒருவர் அக்குற்றத்தைச் செய்வதால் அம்மக்களைக் காக்கும் கடமை மற்றவரை விட்டு நீங்குவதில்லை என்று 1977-ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறை தெளிவாகக் கூறுகிறது. நம் திருச்சபையும், நகரங்களை மக்களோடு சேர்த்து அழிப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிக்கையிட்டது.

"சட்டம் இருந்து என்ன பயன்? யார் மதிக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். சட்டம் மீறப்படுவது உண்மை. சிவப்பு விளக்கை மதியாமல் வண்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக விளக்கையே கழற்றிவிடுவோமா? எது குற்றம் என்று சட்டம் சொல்லியிருப்பதால்தான், செய்தவரைப் பார்த்து "இது குற்றம்" என்று உலகம் சொல்ல முடிகிறது. ஆகவே, "அப்படித்தான்" என்று மக்கள் பழகிப்போவது சட்டம் மீறப்படுவதைவிட ஆபத்தானது.

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 2016-இல் 16 நாடுகளில் மக்களின் கருத்தைக் கேட்டது. பொதுமக்கள் பலர் இறப்பார்கள் என்று தெரிந்தும், எதிரியை அவர்கள் வாழும் இடத்தில் தாக்கலாமா என்பது ஒரு கேள்வி. போரில் சிக்கிய நாடுகளில் நூற்றுக்கு 78 பேர், அது தவறு என்றார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 50 பேர்தான். குண்டுச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் தவறு என்கிறார்கள். தொலைவில் இருந்து பார்ப்பவர்களே தயங்குகிறார்கள்.

நாமும் தொலைவில் இருந்து பார்ப்பவர்கள்தாம். போரை நிறுத்தும் வல்லமை நம் கையில் இல்லை. ஆனால் நம் நாவு நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளோடு அமர்ந்து செய்தி பார்க்கையில், "அப்படித்தான்" என்று சொல்லாதிருப்போம். "இது தவறு, யார் செய்தாலும் தவறு" என்று சொல்வோம். நமக்குப் பிடித்த நாடு செய்தாலும் அதையே சொல்வோம். அன்று காஸ்திலியோனேயில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள், அடிபட்டவன் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.